முழங்கை வைத்தியம்

முதுகுத்தண்டின் ஓரமாகப் பெரியம்மாவின் முழங்கை இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எதிரே சுவரோரம் நைரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் கத்தக் கூடாது.

நாங்கள் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கூட்டம். கொட்டகை கொட்டகையாக ஊர் சுற்றுகிற பிழைப்பு. நான் கத்தரிப்பேன், அவள் ரோமத்தைத் தரம் பிரிப்பாள். பருவம் முடிவதற்குள் என்னோடு வடக்கே வந்துவிடுகிறாயா என்று அவளைக் கேட்டுவிட நினைத்திருந்தேன். அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவே முடியாதவன் எந்த முகத்தோடு கேட்பது.

கடற்கரைப் பக்கம் கைராசிக்காரப் பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள், நம் ஆட்களின் உருவு வைத்தியமான மிரிமிரி பிடித்தால் எந்த இடுப்பும் சொன்னபடி கேட்கும் என்று சொல்லி நைரிதான் என்னை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. மறைப்பு என்று ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் படுத்த மரம்வெட்டி, ஆள் மாடு மாதிரி இருந்தான், குழந்தை மாதிரி அலறினான். அவனைக் கூட்டிவந்த சொந்தக்காரர்கள் பொரித்த ரொட்டியைத் தின்றுகொண்டே சிரித்தார்கள். இப்போது அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் பெரியம்மா இலை எண்ணெயைத் தடவினாள். எந்த மலை, எந்த ஆறு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் கேட்கிறதுதான். சொன்னேன்.

அதற்குப் பிறகும் விடவில்லை.

குடிப்பாயா என்று ஒரு அழுத்து. கோபம் வந்தால் கை நீட்டுவாயா என்று இன்னொன்று. பெற்றவளிடம் கடைசியாக எப்போது பேசினாய் என்றபோது குதிகாலே வந்து இறங்கியது.

வைத்தியம் இப்படித்தான் போலிருக்கிறது என்று எதையும் மறைக்காமல் பதில் சொன்னேன். கத்த மட்டும் செய்யவில்லை.

"இந்தப் பய எதையோ உள்ள வச்சுப் பூட்டியிருக்கான். கக்குற வரைக்கும் இடுப்பு இளகாது," என்று பெரியம்மா கூடத்துக்கே பொதுவாக அறிவித்தாள்.

முழங்கை இந்தமுறை எலும்பையே தேடிப் போனது.

கத்திவிட்டேன்.

"நைரியைக் கட்டிக்கணும்!"

ரொட்டி மெல்லும் சத்தம் நின்றது. மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வலியில் கத்தியிருந்தாலாவது மரம்வெட்டிக்குக் கிடைத்த சிரிப்போடு போயிருக்கும்.

பெரியம்மா முழங்கையை எடுத்தாள். அவ்வளவுதான், எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

நைரி சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, அடுப்ப அணைச்சிட்டு இங்க வாங்க. அம்மா கூப்பிடுறா."

மாவு ஒட்டிய கையோடு ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். அவரும் தன் காதால் கேட்கட்டும் என்று நைரியைப் பெற்ற அந்தப் பெரியம்மா முழங்கையை அதே இடத்தில் வைத்தாள்.