இரைச்சல்

முதலில் அவர் அதை நம்பவில்லை.

பழைய இரும்புக் கடைக்குப் போட எடுத்து வைத்த டேப் ரெக்கார்டர். ஓடுகிறதா என்று பார்க்கத்தான் வயரைச் செருகினார். உள்ளே ஏதோ ஒரு கேசட் கிடந்தது. பொத்தானை அழுத்தினார்.

கேட்டது.

நெஞ்சுக்கூட்டில் ஒரு தட்டு. அடுத்து இன்னொன்று. அதன் பின்னாலேயே கரகரவென்று ஒரு கிதார்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கணபதி ஏரியாவில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரி. முப்பத்திரண்டு வருஷம் கிரைண்டிங் வேலை. வார்ப்பில் ஒட்டிய பிசிறைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்து எடுக்க வேண்டும். ஞாபகம் இருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

ரிட்டயர் ஆன மறுவருஷம் குயில் போனது. அடுத்துக் குக்கர் விசில். அப்புறம், காலையில் ரேடியோவில் போடும் பழைய பாட்டுகள். வயலின் போய், புல்லாங்குழல் போய், சொற்களும் போய், கடைசியில் பக்கத்து வீட்டில் யாரோ முனகுவது போல ஆனது. ரேடியோவை அவரே தூக்கிப் பரண்மேல் போட்டார்.

மனைவி துளசிமணியின் குரலும் போனது. மெல்லிசான குரல். இப்போதெல்லாம் அவள் கூப்பிடுவதில்லை. வந்து தோளைத் தொடுகிறாள்.

டாக்டர் சீட்டில் எழுதிக் காட்டினார். காதுக்கு மெஷின் வைத்தும் பயனில்லை. மிச்சம் இருப்பதும் போய்விடும். ஆறு மாதமோ, ஒரு வருஷமோ.

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில் சொல்லவில்லை.

அந்தக் கேசட் மகள் ஹேமலதாவுடையது. தொண்ணூற்றாறில் காலேஜில் படித்தபோது வாங்கிச் சேர்த்தது. உறையில் முடி முகத்தில் விழுந்த வெள்ளைக்காரப் பையன்கள். கட்டம் போட்ட சட்டை, கிழிந்த பேண்ட்.

“பகலெல்லாம் கேக்கற இரைச்சல் பத்தாதா கண்ணு, வீட்லயும் வேணுமா?” என்று அப்போது கேட்டார். ஒரு நாள் கோபத்தில் ஒரு கேசட்டின் நாடாவை முழுக்க உருவிக் குப்பையில் போட்டார். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. பிறகு அவர் காதுபட எதையும் போட்டதில்லை. கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். போனில் அம்மாவோடு பேசுவாள். அப்பா நல்லா இருக்காரா என்று கேட்பாள்.

அவள் விட்டுப்போன அட்டைப்பெட்டியில் இன்னும் இருபத்துமூன்று கேசட்டுகள் இருந்தன.

தினம் ஒன்று கேட்டார். மத்தியானம், துளசிமணி படுத்த பிறகு, உள்ளறையின் கதவைச் சாத்திக்கொண்டு.

அந்தப் பையன்கள் முனகினார்கள். திடீரென்று தொண்டை கிழியக் கத்தினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. காது நன்றாக இருந்தாலும் தெரிந்திருக்காது. இந்தப் பாட்டுகளில் அவரிடமிருந்து போக எதுவுமில்லை.

ஏதோ கஷ்டம் அவர்களுக்கு. அது மட்டும் புரிந்தது.

யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. அது பிடித்திருந்தது.

ஒரு நாள் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தொட்டு எழுதினார். ‘உன் கேசட்டெல்லாம் கேக்கறேன் கண்ணு. நல்லா இருக்கு.’

உடனே பதில் வந்தது. ‘அப்பா?? நெசமாவா?’ பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று, சிரிக்கிற முகம் மூன்று.

அன்றிலிருந்து தினமும் எழுதிக்கொண்டார்கள். மஞ்சள் உறை கேசட்டில் தப்பட்டை அடிக்கிறவன் யார் என்று கேட்டார். ட்ரம்ஸ்ப்பா என்று திருத்தினாள். அவன் ஊரைச் சொன்னாள். அங்கே வருஷம் முழுக்க மழையாம். எந்தக் கடையில், எந்த மழையில் அந்தக் கேசட்டை வாங்கினாள் என்று சொன்னாள். கூட யார் வந்தார்கள் என்றும் சொன்னாள். இருபது வருஷத்தில் இருவரும் இவ்வளவு பேசியதில்லை.

நாடா உருவியதைப் பற்றி அவள் எழுதவில்லை. அவர் எழுதினார். மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, நாலாம் முறை அனுப்பினார்.

‘விடுங்கப்பா’ என்று வந்தது. அதன் பின்னால் ஒரு புதுப் பாட்டும் வந்தது.

ஐப்பசியில் கிதார் போனது.

தட்டு மட்டும் மிச்சம். டேப் ரெக்கார்டரின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார். கார்த்திகையில் அது கையில் மட்டும்தான் இருந்தது.

அவள் பாட்டுகள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவர் போனில் எல்லாவற்றையும் தொட்டு ஓடவிட்டார். கோடு நகர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: ‘நல்லா இருக்கு கண்ணு.’

வேறு எதை எழுதினாலும் அவள் நிறுத்திவிடுவாள்.

பொங்கலுக்கு வந்தாள். பையிலிருந்து டம்ளர் உயரத்தில் ஒரு ஸ்பீக்கரை எடுத்து டீப்பாய்மேல் வைத்தாள். நீல விளக்கு எரிந்தது. போனில் எதையோ தொட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

சமையற்கட்டிலிருந்து வந்த துளசிமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்படியானால் பாட்டு ஓடுகிறது.

அவர் கண்களை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். தொடையில் விரல்களால் தாளம் போட்டார். மூன்று மெதுவாக, நாலாவது ஓங்கி. பையன்கள் கத்தும் இடம் வந்திருக்கும் என்று தோன்றியபோது புருவத்தைச் சுளித்தார்.

“என்னமா அடிக்கறான் பாரு கண்ணு” என்றார். எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

துளசிமணியின் கைகள் மடியில் இருந்தன.

நீல விளக்கு எரியவில்லை. ஹேமலதாவின் கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது. எப்போது அணைத்தாளோ.

அவள் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தாளத்தை நிறுத்தவில்லை.