பதினெட்டு மாடுகளின் காதில்

“சீனி காணாது” என்றபடி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, சண்முகலிங்கம் பால் கறக்கக் கொட்டிலுக்கு இறங்கினார். மனோகரி சீனிப் போத்தலைத் திறக்கவும் கீழே வாளி உருண்டு விழவும் சரியாக இருந்தது. அம்புலன்ஸ் வந்தும் பயனில்லை; நெஞ்சடைப்பு.

மத்தியானம் மகள் ஹரிஷாவோடு ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது, பண்ணையின் சொந்தக்காரரான வெள்ளைக்காரக் கிழவர் வால்டர் கொட்டிலில் நின்றார். தோய்த்து மடித்த சட்டை போட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாட்டின் காதிலும் குனிந்து என்னவோ முணுமுணுத்தார். இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஊஸ்டர் டவுணில் இருந்து ஓடிவந்திருந்த சிநேகிதி ஜெயந்தி, குசினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். “பதினாறு வருசம் மாடாய் உழைச்ச மனுசன் போயிட்டார். இந்தக் கிழடு மாட்டோட கதைச்சுக்கொண்டு நிக்குது. உங்களிட்ட ஒரு வார்த்தை சொன்னதோ?”

“இல்லை.”

“வீடு வேலையோட வந்ததெல்லே அக்கா? புது ஆளை எடுத்தா உங்களை வீட்டால எழுப்பிப்போடும். இப்பவே கேளுங்கோ.”

மனோகரிக்கும் அதே பயம்தான். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அழவேண்டிய நேரத்தில் வீட்டைப் பற்றி யோசிக்க வைத்துவிட்டாரே என்று, அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தன் தகப்பன் செத்த அன்றும் கிழவர் இப்படித்தான் மாடுகளிடம் போனாராம்; பெண்சாதி செத்தபோது போகவில்லையாம். சண்முகலிங்கம் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். விசர் மனுசன்.

“போய்க் கேள், பிள்ளை” என்றாள் மகளிடம். “எப்ப வீட்டை விடவேணும் எண்டு நேரே கேள். மழுப்பினா விடாதை.”

ஹரிஷா இறங்கிப் போனாள். கிழவர் கடைசி மாட்டையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவள் கேட்டதும் திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு இங்கிலீசில் நெடுநேரம் கதைத்தார். ஹரிஷா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“என்னவாம்?” மனோகரி மேலிருந்து கத்தினாள். “மாசக் கடைசியோ?”

“இல்லையம்மா. பண்ணையை நடத்தினவர் செத்தா மட்டும் மாடுகளுக்குச் சொல்லுறதாம். தனக்கு ஏலாமப் போன நாளில இருந்து இது அப்பான்ர பண்ணைதானாம். இனி ஆரின்ர சொல்லுக் கேக்கவேணும் எண்டும் காதில சொல்லவேணுமாம். இல்லாட்டிப் பால் வத்திப்போயிடுமாம்.”

“ஆரின்ர பேரைச் சொன்னவராம்?”

“உங்கட.”

கிழவர் அண்ணாந்து பார்த்து, தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

“பின்னேரம் எத்தினை மணிக்குக் கறக்கிறது எண்டு உங்களைக் கேக்கிறார், அம்மா.”

மனோகரி யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அஞ்சரைக்கு” என்றாள். “எப்பவும் போல.”