நடுக்கடலில் ஒரு கப்பல்

"வேலை நேரத்துல கதைப் புத்தகமா? கண்ணு வானத்துல இருக்கணும். மழை வந்தா உப்பு கரைஞ்சிடும்!"

மேஸ்திரி பக்கிரி, ரேகாவின் கையிலிருந்த பழைய கடல் சாகச நாவலைப் பிடுங்கிக்கொண்டார்.

"கப்பல் புயல்ல மாட்டிக்கிட்டு இருக்குதுங்க. ஒரே ஒரு பக்கம்..."

"கதை படிச்சு எவன் உருப்பட்டான்?" என்றபடி புத்தகத்தோடு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

மூன்று மணிக்கு மரக்காணம் உப்பளத்தின் மேல் வானம் கறுத்தது. மேஸ்திரி விசில் அடித்ததும் எல்லோரும் தார்ப்பாயோடு ஓடுவதுதான் வழக்கம். விசில் வரவில்லை. இடியே இடித்தது. அப்போதும் வரவில்லை.

"ஓடியாங்க!" என்று ரேகாதான் கத்தினாள். தூறல் வலுப்பதற்குள் உப்புக் குவியல்களை மூடிவிட்டார்கள்.

மனுஷனுக்கு என்ன ஆச்சோ என்று பதறிக்கொண்டு அவள் ஷெட்டுக்கு ஓடினாள். மேஸ்திரி, தானே அந்தக் கப்பலில் நிற்பதுபோல பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் படித்துக்கொண்டிருந்தார்.

"இடி இடிச்சது கேக்கலீங்களா?"

"கேட்டுச்சும்மா. கதையில இடிக்குதுன்னு நெனச்சேன்."

"கப்பல் தப்பிச்சுதுங்களா?"

"வேலை நேரத்துல என்ன கதை?" என்றவர், விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். "வானத்தை நீ பாரு. எனக்கு இன்னும் தொண்ணூறு பக்கம் இருக்குது!"