மஞ்சள் சேலைக்காரி

"அந்த மஞ்சள் சேலைக்காரியை யாரும் கார் ஏத்திக் கொல்ல முடியாதபடி மாத்துங்க" என்றேன். தெருவில் நிற்கும் பொம்மைகளுக்காகப் பரிந்து பேசக் கூடாது என்று, இந்த வீடியோ கேம் கம்பெனியில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

டீம் லீட் பிரசன்னா சிரித்தார். "கார் திருடுற அந்தப் பழைய கேம் வந்ததுலேர்ந்து, யாரை வேணா அடிக்கலாம்கிறதுதாம்மா இந்தத் தொழிலே."

"அது எங்கம்மா முகம் சார். உங்கம்மா முகத்தைப் போட்டு ஏத்திப் பாருங்க."

கேமின் தெருவில் நிற்க, சாதாரணப் பெண் ஒருத்தியை வரைந்து தரச் சொன்னார்கள். வேறு யார் முகமும் எனக்கு அவ்வளவு மனப்பாடமில்லை. வலது காலைச் சாய்த்து நடக்கும் அம்மாவின் நடையையும், கையில் ஒரு கூடையையும் கொடுத்தேன். டெஸ்டிங்கில் இருப்பவர்கள் காலையிலிருந்து அவளைத் தேடித் தேடிக் கார் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கூடையோடு எழுந்து தெருமுனைக்கே வந்து நிற்கிறாள்.

பிரசன்னா குரலைத் தாழ்த்தினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. கிளையண்டுக்கு அந்த முகம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எல்லாத் தெருவுலயும் போடச் சொல்லிட்டாங்க."

அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். ராஜினாமா மெயிலை இதைக் கேட்க வருவதற்கு முன்பே அனுப்பியிருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது, பின்னால் கார் மோதும் சத்தமும் கைதட்டலும் கேட்டன.