சின்னவள் பேசவில்லை

வீட்டை விட்டுப் போனதிலிருந்து சின்னவள் வாயே திறக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாருக்கும் அலுத்துவிட்டது.

"போறப்ப நல்லாத்தானே இருந்தா?" என்று கேட்டார் விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மாள்.

"கணீர்னு பேசினாளுங்க," என்றார் அளவுக்காரர்.

சின்னவள் என்பது செயற்கைக்கோள். அதே மாதிரி செய்த இன்னொன்று, பெரியவள், மாற்றுக்கென்று சோதனைக்கூடத்திலேயே தங்கிவிட்டது. மேலே போனவளுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் ஏணி போட்டு ஏறிப் போய்ப் பார்க்க முடியாது.

சந்தேகம் இரண்டு பேர் மேல். ஆன்டெனாவை அளந்து, சரியாக இருக்கிறது என்று சொன்னவர் அளவுக்காரர். அதைச் செயற்கைக்கோளில் பொருத்தி முடுக்கியவர் ஃபிட்டர், அளவுக்காரரின் மனைவிக்கு அண்ணன். இருவரில் ஒருவருக்கு வேலை போவது உறுதி. யார் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டு வீட்டுப் பக்கம் வந்துவிட வேண்டாம் என்று அளவுக்காரரிடம் மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"உங்க அளவுலதான் கோளாறு மாப்ளே. ஒத்துக்கங்க," என்றார் ஃபிட்டர்.

"அளந்து பாத்துருவோம் மச்சான். ரெண்டு ஆன்டெனாவும் ஒரே மாதிரி. பெரியவ பேசினா சின்னவளும் பேசியிருக்கணும்."

அளக்கும் அறையில் சுவர், கூரை, தரை எங்கும் கறுப்பு நுரைக் கூம்புகள். ரேடியோ அலை எதிரொலிக்காது, பேச்சும் எதிரொலிக்காது. உங்கள் வீட்டில் பேசுவது போலவே இருக்கிறது, ஒன்றும் எடுபடவில்லை என்று ஃபிட்டர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவள் தலையில் குல்லா இருந்தது. ஆட்கள் நடமாடும் இடத்தில் சோதிக்கும்போது ஆன்டெனாவின் மேல் கவிழ்க்கும் வெள்ளை மூடிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அலை வெளியே போகாதபடி உள்ளே இருக்கும் நுரை விழுங்கிவிடும். ஆன்டெனா பேசுகிறதா என்று கேட்டுச் சொல்ல ஒரு கம்பி மட்டும் உண்டு. புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குல்லாவும் ஆன்டெனாவும் ஒன்றுபோலத்தான் தெரியும். ராக்கெட் தளத்தில் கடைசிச் சோதனையையும் அளவுக்காரர் இப்படிக் குல்லா வழியாகத்தான் செய்தார்.

இப்போது குல்லாவைக் கழற்றி, அறை வாசலில் இருந்த இரண்டு ஆணிகளில் ஒன்றில் மாட்டினார். போட்டவர்தான் கழற்ற வேண்டும், கழற்றியதை ஆணியில்தான் மாட்ட வேண்டும். அவரே வைத்த சட்டம். ஒருமுறை அதை மேசையில் வைத்துவிட்டுப் போன ஆளை, கேட்க முடியாத வார்த்தையில் திட்டியிருக்கிறார்.

கதவைச் சாத்தினார்கள். உள்ளே பெரியவள் மெல்லச் சுழன்றாள். வெளியே திரையில் கோடு ஏறி இறங்கி, சின்னவளை அளந்தபோது வந்த பழைய கோட்டின் மேலேயே அச்சு அசலாகப் படிந்தது. ஒரு பிசிறு இல்லை.

"அப்ப ஆன்டெனா சரி. முடுக்கினதுலதான் ஏதோ ஆயிருக்கு," என்றார் அதிகாரி.

ஃபிட்டரின் முகம் சுருங்கிப் போனது. எல்லாத் திருகையும் சரிபார்த்துத்தான் முடுக்கினேன் என்றார். அதை நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அவர் முடுக்கியது பூமியிலேயே இல்லை.

அளவுக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது, ஆனால் நிம்மதிதான் அதிகம். மச்சான் பக்கம் திரும்பாமல் திரையை அணைத்தார்.

கிளம்பிய அதிகாரி அறை வாசலில் நின்றார். "இது பெரியவளோட குல்லாதானே?"

"ஆமாங்க."

"பக்கத்து ஆணி எதுக்கு?"

அளவுக்காரர் அந்த வெற்று ஆணியைப் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

"அது... சின்னவளோடதுங்க. தளத்துல நான்தான் போட்டேன்."