அசல் நாட்டுக் கெண்டை

தட்டிலிருந்த வறுத்த மீனைக் கிருத்திகா திருப்பிப் போட்டுப் பார்த்தாள். முதுகுத் துடுப்பு நெடுக முள் முள்ளாக நின்றது.

சந்தேகமேயில்லை. ஜிலேபி மீன்.

கடை முகப்பில் தொங்கிய போர்டை இன்னொரு தடவை படித்தாள். 'இங்கு அசல் காவிரி நாட்டுக் கெண்டை மட்டுமே.'

பன்னிரண்டு நாளாக அவளுக்கு இதே வேலைதான். மோகனூர் பக்கம் ஆற்றில் வலை போட்டு, விழுகிற மீனில் நாட்டு மீன் எத்தனை, வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். பத்துக்கு எட்டு ஜிலேபியாகவே விழுந்தது. நாட்டுக் கெண்டையின் முட்டையையும் குஞ்சையும் தின்று கொழுத்த ஜிலேபி.

"ஏனுங்கக்கா, இது நாட்டுக் கெண்டைங்களா?"

கடைக்காரி சித்ரா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "போர்டுலயே எழுதியிருக்குதுங்களே."

"நான் மீன் கணக்கெடுக்க வந்தவளுங்க. இது ஜிலேபி."

கரண்டி நின்றது. பக்கத்து பெஞ்சில், சேலத்திலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசுங்க சாமி. யாவாரம் நடக்குது."

"ஊரை ஏமாத்தற யாவாரமா? ஒரு போன் போட்டேன்னா கடைக்கு ஆபீசருங்க வந்துருவாங்க."

"போடுங்க. அதுக்கு முந்தி எங்கூட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. ஆத்துலதான் நிக்கறாரு."

கிருத்திகா விறுவிறுவென்று கரைக்கு இறங்கினாள். சித்ராவும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

சித்ராவின் கணவர் சின்னண்ணன் பரிசலோரம் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தார். கூடை நிறைய ஜிலேபி. தனியாக ஒரு வாளியில் தண்ணீர். அதில் இரண்டு பெரிய நாட்டுக் கெண்டைகள், சினையால் வயிறு புடைத்து.

"ஓ, அசலும் சிக்குதா! இது யாருக்கு? பெரிய மனுசங்க ஊட்டுக்கா?"

"மயங்கிக் கெடந்துச்சுங்க. தெளியட்டும்னு போட்டு வெச்சேன்" என்றார் சின்னண்ணன்.

வாளியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குப் போனார். ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீருக்குள் சற்று நேரம் தாங்கிப் பிடித்திருந்தார். வாலை ஆட்டியதும் கையை எடுத்துவிட்டார்.

கிருத்திகா தண்ணீரோரம் வரை இறங்கிப் போனாள்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி நெசமாவே நாட்டுக் கெண்டைதானுங்க வறுத்தோம்" என்றாள் சித்ரா. "வாரவங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. சினை மீனைக்கூட உடல. அப்புறம் ஒரு ஆடி மாசம் பூரா வலையில ஒண்ணுகூட வரல. இவரு ரெண்டு நாள் சோறு திங்கல."

"ஜிலேபின்னே எழுதி வெக்கலாமில்லீங்களா?"

"வெச்சோமுங்க. ஒருத்தரும் வண்டிய நிறுத்தல. எல்லாரும் நாட்டுக் கெண்டை விக்கற கடையாத் தேடிப் போனாங்க. பழையபடி போர்டு மாட்டுனோம். காசு வாங்கறது இப்பவும் ஜிலேபி வெலைதானுங்க."

கரையோரத் தண்ணீர் கலங்கித் தெளிந்தது. கெண்டைகளைக் காணோம்.

"ஏமாத்துதான், இல்லீங்கல. போன் போடறதுன்னா போடுங்க."

கிருத்திகா போனை எடுக்கவில்லை. மூவரும் மேலே ஏறி வந்தார்கள்.

சேலத்துக் குடும்பத்தில் பெரியவர் பாதி மீன் இருந்த தட்டோடு எழுந்து வந்தவர், கிருத்திகாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா, நீங்க மீன் ஆராய்ச்சி பண்றவங்களா? நல்லதாப் போச்சு. இது அசல் நாட்டுக் கெண்டைதானா, சொல்லுங்க."

சித்ரா குனிந்து அடுப்பைப் பார்த்தாள்.

கிருத்திகா அவர் தட்டிலிருந்த ஜிலேபியைக் கூர்ந்து பார்த்தாள்.

"அசலேதாங்க. இன்னும் நாலு வாங்கிச் சாப்பிடுங்க."