விழுகிற சத்தம்

முதல் தடவை துப்பாக்கி கீழே விழுந்தபோது அவள் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டாள்.

வெடிக்கவில்லை. சிமெண்டுத் தரையில் இரும்பு மோதிய சத்தம் மட்டும் மூடிய கதவைத் தாண்டி வந்தது. "ஒன்று" என்று யாரோ எழுதச் சொன்னார்கள்.

மறுபடி உட்கார்ந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஆயுத அறை. உள்ளே மூன்றே பேர். விசாரணைக்கு வந்திருந்த பெண் அதிகாரி, எழுதிக்கொள்ள ஒருவர், துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் கிடங்குக்காரர்.

பதினாறு நாளுக்கு முன்னால், நீரேற்று நிலையத்தின் காவல் கூண்டில் அவள் கணவன் குண்டு பட்டு இறந்து கிடந்தான். தனியாகக் காவல் பார்த்த போலீஸ்காரன். பக்கத்தில் இலாகா கொடுத்த பழைய கார்பைன் கிடந்தது.

அந்த ரகத் துப்பாக்கியின் குணம் படையில் எல்லோருக்கும் தெரியும். குறி பார்த்துச் சுட்டால் பாதி நேரம் சிக்கிக்கொள்ளும். கை தவறிக் கீழே போட்டாலோ, அடிக்கட்டை தரையில் மோதிய வேகத்தில், விசையைத் தொடாமலே வெடித்துவிடும். "எனக்கு ரெண்டு சம்சாரம். ஒருத்திக்கு மூக்குக்கு மேல கோவம். இன்னொருத்தி வீட்ல இருக்கா" என்பான் அவன். ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். அவளும் ஒவ்வொரு தடவையும் கரண்டியை ஓங்கியிருக்கிறாள்.

இரண்டு.

மூன்று.

அதிகாரி நல்ல மாதிரி. சோதனை தொடங்குவதற்கு முன்னால் வெளியே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். குண்டு இல்லாத, சத்தம் மட்டும் போடும் தோட்டா. இடுப்பு உயரத்திலிருந்து பத்துத் தடவை போடுவார்கள். ஒரு தடவை வெடித்தாலும் விபத்து. வெடிக்காவிட்டால் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும் என்றாள். வேறு மாதிரி என்றால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

நான்கு.

காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள். இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா, துப்பாக்கி தானா வெடிச்சதா, அப்பா வெடிச்சாரா?"

சாயங்காலம் சொல்றேன் என்று பின்னலை இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டு வந்திருந்தாள்.

ஐந்து.

வெடி, என்று அவள் முணுமுணுத்தாள். வெடிச்சுத் தொலை. தன் வீட்டு விளக்கை அணைத்த இரும்பிடம் இப்படிக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்.

ஆறுக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. யாரோ தண்ணீர் குடித்தார்கள்.

துப்பாக்கியைப் போட்டுக்கொண்டிருப்பவர் கிடங்குக்காரர்தான். கணவனோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் அவரை ஆயுத அறைக்கு மாற்றிவிட்டார்கள். கணவன் இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் இதே துப்பாக்கி பழுதுக்காக அவரிடம் வந்திருந்தது. உபயோகத்துக்குத் தகுந்தது என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தவர் அவர். வெடித்தால் அந்தக் கையெழுத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்று காலை அவளைத் தாண்டி உள்ளே போனபோது தலை நிமிரவில்லை.

மனிதர் நினைத்தால் கொஞ்சம் பதமாகப் போடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு தடவைகூட அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் சத்தம் ஒரே மாதிரி முழுசாக வந்தது.

ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதாவது தடவை வெடித்தது.

கதவின் கண்ணாடி அதிர்ந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள், எல்லாம் முடிந்த பிறகு.

அதிகாரி வெளியே வந்து அவள் தோளில் கை வைத்தாள். "வேலையில இருந்தப்போ நடந்த விபத்துன்னு எழுதிடறேம்மா." இவள் தலையாட்டினாள். அதிகாரியும் எழுத்தரும் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்ப் படியிறங்கினார்கள்.

கிடங்குக்காரர் மட்டும் நிலைப்படியில் நின்றார். கையெல்லாம் எண்ணெய். அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் போட்ட கையெழுத்துதான் தங்கச்சி. நானே அவனைக் கொன்னுட்டேன்."

"உங்க தப்பு இல்லண்ணே."

"உனக்குப் பெரிய மனசு."

"சத்தியமா உங்க தப்பு இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பாரம் அவர் தலையிலிருந்து இறங்கிவிடும். ஆனால் அந்த வார்த்தை அவரோடு நிற்காது. படியிறங்கிப் போய், தெருவைச் சுற்றி, என்றைக்காவது மகளிடம் போய்ச் சேரும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இறந்த அன்று மத்தியானம் அவன் காவல் கூண்டிலிருந்து போன் செய்திருந்தான். சிலிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது, பாப்பாவின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவ்வளவு அமைதியாகப் பேசினான். பேசி முடித்து வைத்துவிட்டார், அதற்கப்புறம் நடந்திருக்கும் என்றுதான் விசாரணையில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

வெச்சிடறேன் என்றுதான் சொன்னான். வைக்கவில்லை. அவளும் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் எதுவும் கீழே விழவில்லை.